இல்லாத மண்டபத்தின் நாதம்



நான் மேடை ஏறும்போது நீங்கள் அன்புடன் எழுப்பிய கரகோஷத்தையே இன்றைய பேச்சுக்கு முதல் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த மண்டபத்தில் ஒருவர் ஒரே ஒரு முறை கையைத் தட்டினால், அந்தச் சப்தம் முதலில் நேராக வந்து நம் செவியில் விழுகிறது. அடுத்த சில பத்து மில்லிவினாடிகளுக்குள் பக்கச் சுவரிலும் விதானத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பிய பிரதிபலிப்புகள் சில தனித்தனியே வந்து சேர்கின்றன. அதன் பிறகு, பட்டது மறுபடியும் பட்டு, திரும்பியது மறுபடியும் திரும்பி, எண்ணிக்கையில் பெருகியும் வலிமையில் குறைந்தும் வருகிற ஆயிரக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, பிரித்தறிய இயலாத ஒரு தொடர் முழக்கமாகி, மெல்ல மெல்ல மங்கி மறைகின்றன. பௌதிக நூல்கள் இதனை எதிர்முழக்கம் என்று வழங்கும். ஸ்டுடியோவில் ரிவெர்ப் என்றால்தான் எல்லோருக்கும் சட்டென்று விளங்கும். மலைச் சரிவில் நின்று கூவினால் கூவிய சொல்லே திரும்பி வருகிறதே, அந்த எதிரொலி வேறு. கோயிலின் கல் மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிக்கையில், முன் ஸ்வரத்தின் சாயை மறைவதற்குள் அடுத்த ஸ்வரம் அதன் மேல் வந்து படிகிறது அல்லவா, அதுதான் நான் பேச வந்த விஷயம்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் நிலைமை இதற்கு நேர் மாறானது. பாடுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் நிற்கிறது. சுவர்களெல்லாம் சப்தத்தை உறிஞ்சும் பொருள்களால் போர்த்தப்பட்டிருக்கின்றன. பக்கத்து வாத்தியத்தின் ஒலி இந்த மைக்கில் விழக்கூடாது என்பதற்காக நடுவே தடுப்புகளும் உண்டு. இத்தனை பாதுகாப்பும் செய்து பதிவான குரலைத் தனியே கேட்டால், அது மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் உலகத்தில் எந்த இடத்திலும் நின்று பாடாத ஒருவருடைய குரலாகவும் இருக்கும். அக்குரலுக்கு ஓர் இடத்தைப் பிற்பாடு தேடிக் கொடுப்பதற்கென்றே ஒரு கருவிக் கூட்டம் தோன்றி வளர்ந்தது. அந்த வரலாற்றை நான் பயின்ற வரையில், காலத்தை வென்று நின்ற கருவிகள் மண்டபத்தை அட்சரம் பிசகாமல் நகலெடுத்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் குறையைச் செவி மன்னிக்கும், எதனை ஒருநாளும் மன்னிக்காது என்பதைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தவர்கள் இயற்றியவையே அவை என்பது என் அபிப்பிராயம். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமே.

எதிர்முழக்கத்தை அளந்து பார்க்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த வாலஸ் சபைன் என்பவர். 1895ஆம் ஆண்டு, புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக் காட்சிச்சாலையின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவு வேளைகளில் அவர் ஓர் ஆர்கன் குழலை ஊதச் செய்து, அதனை நிறுத்திய கணத்திலிருந்து சப்தம் செவிக்கு எட்டாமல் போகும் வரை ஆகும் காலத்தைக் குறித்தார். காலி மண்டபத்தில் அது ஐந்து வினாடிக்கும் மேலாயிருந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, மெத்தை கூடக் கூட முழக்கம் குறைவதை அட்டவணையிட்டார். மண்டபத்தின் கன அளவுக்கும், அதற்குள் சப்தத்தை உறிஞ்சும் பரப்புக்கும், முழக்கம் நீடிக்கும் காலத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு ஒரு சூத்திரமாக வந்தது. அந்தச் சூத்திரத்தின் துணையோடு எழுந்த பாஸ்டன் சிம்பனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டு இன்றளவும் உலகின் உத்தமமான சங்கீத மண்டபங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. சப்தத்தின் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் காலமே எதிர்முழக்கக் காலம் என்று பின்னர் நிச்சயித்தார்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் ஆதியில் கையாண்ட வழி எளிமையானது. வெறுமையான ஓர் அறையில் ஒரு மூலையில் ஒலிபெருக்கியையும் வேறு மூலையில் மைக்கையும் வைத்து, பதிவான குரலை அங்கே அனுப்பி, அறையின் முழக்கத்தோடு அதனைத் திரும்பப் பெற்றார்கள். 1947இல் சிகாகோ நகரில் பில் புட்னம் என்ற பதிவாளர் ஒரு ஹார்மோனிகாக் குழுவின் இசைத்தட்டுக்குக் குளியலறையையே இவ்விதம் பயன்படுத்தினார். ஹாலிவுட்டில் 1956இல் எழுந்த கேபிடல் இசைத்தட்டுக் கம்பெனியின் கட்டடத்திலோ இதற்கென்றே தரைக்கடியில் கான்கிரீட் அறைகள் கட்டினார்கள். அறைக்கு இடம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருஷமே ஒரு மாற்று ஜெர்மனியிலிருந்து வந்தது. இ.எம்.டி. 140 என்ற அந்தச் சாதனத்தில், இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் எஃகுத் தகடு சட்டத்தில் இறுக்கித் தொங்கவிடப்பட்டிருக்கும். தகட்டின் நடுவே சப்தத்தைச் செலுத்தினால் அதிர்வலைகள் ஓரங்களில் மோதி மோதித் திரும்பும். அவற்றைத் தகட்டின் மேல் ஒட்டிய சிறு கருவிகள் திரும்ப வாங்கும். மரப்பெட்டியோடு சேர்த்துத் தூக்க நாலு பேர் வேண்டும். இதன் நாதம் எந்த மண்டபத்தையும் ஒத்ததில்லை. ஆயினும் பாடகர் குரலுக்கு இதைவிட இதமான போர்வை இல்லை என்று பதிவாளர்கள் ஒரு தலைமுறைக் காலம் நம்பினார்கள். இன்னும் பலர் நம்புகிறார்கள். மண்டபத்தைப் போலில்லாத ஒன்று மண்டபத்தைவிட விரும்பப்பட்டது என்ற இந்தச் செய்தியைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்களின் காலத்துக்கு வருவோம். சப்தத்தை எண்களாக மாற்றிவிட்டால், அவ்வெண்களைச் சிறிது நேரம் நினைவகத்தில் நிறுத்தி வைத்து, பிறகு வெளியே விடலாம். அதுவே தாமதம், ஸ்டுடியோ பாஷையில் டிலே. வெளியே வந்ததில் ஒரு பங்கை மறுபடியும் உள்ளே செலுத்தினால் ஒரு சுழற்சி உண்டாகிறது. 40 மில்லிவினாடித் தாமதமுள்ள ஒரு சுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 87 பங்கு திரும்பச் செலுத்தப்படுமானால், ஐம்பது சுற்றுகளில், அதாவது சரியாக இரண்டு வினாடிகளில், சப்தத்தின் வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகவும், ஆகவே அதன் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகவும் சுருங்கிவிடும். கணக்குப்படி இது நல்ல சங்கீத மண்டபத்தின் எதிர்முழக்கக் காலமே. ஆனால் இந்தச் சுழற்சிக்குள் மிருதங்கத்தின் ஒற்றைச் சொல்லைச் செலுத்திக் கேட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 25 முறை அதே சொல் படபடவென்று திரும்பத் திரும்ப விழுந்து, தகரக் குழாய்க்குள் தட்டியது போன்ற ஒரு கணகணப்பு கேட்கும். கணக்கு சரி, நாதம் தவறு.

இந்த இடரைத் தீர்க்க வழி கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மான்ஃப்ரெட் ஷ்ரோடர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இந்தப் பௌதிக நிபுணர் 1961, 1962ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் மூல கிரந்தங்கள் என்று சொல்லத் தகும். ஒரே சுழற்சிக்குப் பதிலாக, 30 முதல் 45 மில்லிவினாடி வரை ஒன்றுக்கொன்று பொது அளவில் அடங்காத தாமதங்களுடைய நான்கு சுழற்சிகளை அருகருகே ஓடவிட்டார். அவற்றிலிருந்து வெளிவருவதை, எல்லாச் சுருதிகளையும் சமமாக வெளியே விட்டு அவற்றின் காலத்தை மட்டும் கலைத்துவிடுகிற வேறு இரண்டு சுழற்சிகளின் வழியே தொடர்ந்து செலுத்தினார். பிரதிபலிப்புகள் வினாடிக்கு ஆயிரம் என்ற நெருக்கத்தை எட்டினால்தான் செவிக்குப் படபடப்புத் தோன்றாது என்பது அவர் கண்ட முடிவு. இந்த ஆயிரம் என்ற எண் மண்டபத்தின் சுவரிலிருந்து வந்ததில்லை, கேட்பவரின் செவியிலிருந்து வந்தது. உண்மையான மண்டபத்தில் முழக்கம் முற்ற முற்றப் பிரதிபலிப்புகளின் நெருக்கம் இதற்கும் பல மடங்கு மேலே போய்விடுகிறது. அத்தனையையும் கணக்கிடப் புகுந்தால் அக்காலத்துக் கம்ப்யூட்டர் திணறிப்போகும். எவ்வளவு போதும் என்று செவியைக் கேட்டு அவர் நிறுத்திக்கொண்டார். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஷ்ரோடரின் சூத்திரம் ஸ்டுடியோவின் கையில் ஒரு சாதனமாக வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் நடந்த ஒரு சம்பவம் சுவையானது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் லீ என்பவர், இருதயத் துடிப்பைக் கவனிக்கும் மருத்துவத் தேவைக்காக ஓர் எண்முறைத் தாமதக் கருவியை அமைத்திருந்தார். அதனுள் சங்கீதத்தைச் செலுத்திப் பார்க்கலாமே என்று யோசனை கூறியவர் பொறியாளர் பாரி பிளெஸர். அந்த யோசனையின் பலனாக 1971இல் டெல்டா டி-101 என்ற தாமதக் கருவி விற்பனைக்கு வந்தது. லீ தொடங்கிய கம்பெனியே பிற்காலத்தில் லெக்சிகான் என்ற பெயரால் உலகப் பிரசித்தி பெற்றது. அதே பிளெஸர் ஜெர்மனியின் இ.எம்.டி. கம்பெனிக்காக வடிவமைத்து 1976இல் வெளிவந்த இ.எம்.டி. 250 தான், விலை கொடுத்து வாங்கக் கிடைத்த முதல் டிஜிட்டல் ரிவெர்ப். சக்கரம் வைத்து நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெட்டியை முதல் முறை காண்பவர்கள் அறையைச் சூடேற்றும் ஹீட்டர் என்றே நினைப்பார்கள். அதன் மேற்புறத்தில் நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தள்ளியும் இழுத்தும் முழக்கத்தை நீட்டவோ குறுக்கவோ செய்யலாம். வினாடிக்கு 24,000 மாதிரிகளே, அதாவது சப்தத்தின் அளவீடுகளே, அது எடுத்தது. ஆகையால் அதில் பாதியான 12,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதிகள் அதன் முழக்கத்தில் இருக்கவே முடியாது. கணக்கில் இது குறைதான். ஆனால் பெரிய மண்டபங்களில் உச்ச சுருதிகளைக் காற்றே உறிஞ்சிக்கொள்வதால், முழக்கத்தில் அவை குன்றியிருப்பது நம் செவிக்குப் பழகிய இயல்பு. அதனால் அந்தக் குறை கேட்போருக்கு ஒரு கதகதப்பாகவே தோன்றிற்று. விலை சுமார் 20,000 டாலர். மிகப் பெரிய ஸ்டுடியோக்களைத் தவிர வேறு யாரும் நெருங்க முடியவில்லை.

இத்தகைய கருவி பல ஸ்டுடியோக்களுக்கும் எட்டியது லெக்சிகான் 224 வந்த பிறகுதான். 1978இல் வெளியான அதன் விலை பிளெஸரின் கருவியில் பாதிக்கும் குறைவு. அதனை இயற்றிய டேவிட் கிரீஸிங்கர் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர். சங்கீதத்தைப் பதிவு செய்வதிலும் நேரடிப் பழக்கம் உள்ளவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது இத்துறையின் பாக்கியம் என்றே சொல்வேன். கணக்கு செய்யும் பெரிய பெட்டி விசிறி இரைச்சலோடு வேறு இடத்தில் இருக்க, பதிவாளரின் முன்னே, மிக்ஸிங் கன்சோலின் மேல், கையடக்கமான ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தது. அதில் ஆறு தள்ளுவிசைகள். மந்திர சுருதிகள் எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும் என்பது ஒன்று. நடுச் சுருதிகள் எவ்வளவு நேரம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எந்த இடத்தில் பிரியவேண்டும் என்பது மூன்றாவது. உச்ச சுருதிகள் எவ்வளவு விரைவில் மங்கவேண்டும் என்பது நான்காவது. கேட்பவர் மேடைக்கு எவ்வளவு தூரத்தில் அமர்ந்திருப்பதாகத் தோன்றவேண்டும் என்பது ஐந்தாவது. ஆறாவதுதான் பிரீ-டிலே என்ற முன் தாமதம், அதாவது நேர்க்குரலுக்கும் முழக்கத்தின் தொடக்கத்துக்கும் நடுவே விடும் இடைவெளி.

இந்த ஆறாவது விசையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டும். சப்தம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 40 மில்லிவினாடி இடைவெளி என்பது ஏறக்குறைய 14 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்த பிரதிபலிப்புக்குச் சமம். அந்த இடைவெளியில் பாடகரின் வல்லின மெய் முழுதும் வெளிப்பட்டு, சொல் இன்னதென்று நமக்கு விளங்கிவிடுகிறது. பிறகு வரும் முழக்கம் சொல்லைக் கெடுக்காமல் அதன் பின்னே நிற்கிறது. இடைவெளியை அடியோடு எடுத்துவிட்டாலோ, முழக்கம் சொல்லின் மேலேயே கவிழ்ந்து, பாட்டு இருக்கும், பொருள் இராது. சாஹித்யத்தில் பிரீதி உள்ள எந்தப் பதிவாளரும் இந்த விசையை அலட்சியம் செய்யமாட்டார்.

கிரீஸிங்கரின் விசேஷமான உபாயம் வேறொன்று. நிலையான தாமதங்களைக் கொண்ட சுழற்சி எதுவாயினும், எத்தனை கவனமாகத் தேர்ந்தாலும், சில சுருதிகளில் ஒரு ரீங்காரம் தங்கிவிடுகிறது. ஓய்ந்துவரும் முழக்கத்தின் கடைசியில் அது உலோகம் போல் ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். தாமதங்களின் நீளத்தையே ஓயாமல், மிக மெதுவாக, மிகச் சிறிய அளவில் மாற்றிக்கொண்டிருந்தால் எந்த ரீங்காரமும் ஓரிடத்தில் ஊன்றி நிற்க முடியாது என்று கண்டு, அதனைக் கருவிக்குள் அமைத்தார். சுவர்கள் அசையும் மண்டபம் உலகில் எங்கும் இல்லை. ஆனால் செவி இந்த அசைவைக் குறையாகக் கொள்ளவில்லை, செழுமையாகவே கொண்டது. 1982இல் வெளிவந்த பிளேட் ரன்னர் என்ற திரைப்படத்துக்கு வான்ஜெலிஸ் அமைத்த இசையில், ஒவ்வொரு ஸ்வரமும் எல்லையற்ற ஆகாசத்தில் கரைவது போன்ற அந்த விசாலம் இந்தக் கருவியின் கொடை. கிரீஸிங்கர் பிற்காலத்தில் இன்னொரு நுட்பத்தையும் எடுத்துக்காட்டினார்: சங்கீதம் நின்ற பின் கேட்கும் முழக்கம் வேறு, சங்கீதம் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்வரங்களின் இடைவெளிகளில் கேட்கும் முழக்கம் வேறு, ரசிகர் கச்சேரி முழுவதும் அனுபவிப்பது இரண்டாவதையே. சபைனின் கடிகாரம் அளந்தது முதலாவதை.

இங்கிலாந்தில் நடந்தது வேறு விதமான கதை. 1979இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் இசைத்தட்டுக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, கலைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்காக மட்டும் தொங்கவிட்டிருந்த மைக், ஒலியின் ஏற்றத்தாழ்வைக் கடுமையாக நசுக்கும் கம்ப்ரெஷருடன் திறந்தபடி இருந்தது. அதன் வழியே வந்த கல் சுவருள்ள அந்த அறையின் முழக்கம் கேட்போரைத் தூக்கிவாரிப் போட்டது. பதிவாளர் ஹியூ பாட்ஜம் அந்த முழக்கத்தைக் கேட் என்ற கருவியால் பாதியிலேயே வெட்டினார்: முழக்கம் பெரிதாக எழும், மங்குவதற்குள் மறைந்துவிடும். எந்த மண்டபமும் தரமுடியாத இந்த நாதத்தை, பர்ன்லி என்ற ஊரில் இயங்கிய ஏ.எம்.எஸ். கம்பெனி அடுத்த சில வருஷங்களில் ஆர்.எம்.எக்ஸ். 16 என்ற டிஜிட்டல் கருவிக்குள் ஒரு பொத்தானாகவே வைத்துக் கொடுத்தது. 1980களின் மேல்நாட்டு இசைத்தட்டுகளில் பாதி அந்தப் பொத்தானின் சந்ததி என்று எனக்குச் சில வேளை தோன்றும். எனக்கு அந்த நாதத்தில் அவ்வளவு பிரியமில்லை. ஆனால் கருவி மண்டபத்துக்கு அடிமையாக இருக்கத் தேவையில்லை என்பதை அது நிரூபித்தது.

பிறகு விலை சரிந்தது. 1986இல் அலெஸிஸ் கம்பெனியின் மிடிவெர்ப் நானூறு டாலருக்குள் கிடைத்தது. வீட்டு அறையில் பதிவு செய்பவரும் மண்டபத்தை விலைக்கு வாங்கினார். 1999இலோ சோனி கம்பெனி முற்றிலும் வேறான ஒரு சாதனத்தைக் கொணர்ந்தது. உண்மையான மண்டபத்துக்குள் சப்தத்தை எழுப்பி, அம்மண்டபம் அளித்த பதிலை அப்படியே பதிவு செய்து, அந்தப் பதிலால் பாடகரின் குரலை மாதிரி மாதிரியாகப் பெருக்கிக் கூட்டும் முறை அது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்று கொண்டால், இரண்டு வினாடி முழக்கத்துக்கு, குறுக்கு வழி ஏதுமின்றி நேராகச் செய்தால், வினாடி ஒன்றுக்குச் சுமார் 389 கோடிப் பெருக்கல்கள் தேவைப்படும். குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர்களும் வேகம் பெற்றன. இன்று மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரே இதைச் செய்கிறது.

நகல் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்துவிட்ட பிறகு பழைய கருவிகளுக்கு வேலை ஏது என்று கேட்கத் தோன்றும். நடந்ததோ வேறு. பிரசித்தமான சாஃப்ட்வேர் கம்பெனிகள் இ.எம்.டி. 140இன் எஃகுத் தகட்டையும், இ.எம்.டி. 250இன் குறைந்த மாதிரி வேகத்தையும், லெக்சிகான் 224இன் ஓயாத அசைவையும் பிளக்-இன்களாக எழுதி விற்கின்றன. பதிவாளர்கள் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். 2007இல், முன்பு லெக்சிகானில் பணிபுரிந்த அனுபவம் உள்ளவர்கள் ஆரம்பித்த பிரிகாஸ்டி கம்பெனி எம்7 என்ற கருவியை வெளியிட்டபோது, அதுவும் மண்டபத்தின் நகலாக வராமல், சூத்திரத்தால் பிறக்கும் முழக்கமாகவே வந்து பெரும் மதிப்பைப் பெற்றது. பதிவு செய்த நகலில் ஒரு குறை உண்டு. அது ஒரு கணத்தில், ஒலிபெருக்கி இருந்த ஓரிடத்திலிருந்து, மைக் இருந்த ஓரிடத்துக்கு, மண்டபம் சொன்ன ஒரே பதில். உயிருள்ள பாடகர் தலையைத் திருப்புகிறார். மண்டபத்தின் காற்று நகர்கிறது. பதில் கணந்தோறும் மாறுகிறது. கிரீஸிங்கரின் அசையும் தாமதங்கள் அந்த மாறுதலைப் பார்த்து எழுதப்பட்டவையல்ல என்றாலும், செவிக்கு அதே திருப்தியை அளிக்கின்றன.

இந்தச் சபையில் ஒலிப்பதிவு பயிலும் இளைஞர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் 'ஹால்' என்றும் 'பிளேட்' என்றும் பெயரிட்ட நூறு ரிவெர்ப்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் திறப்பதற்கு முன், பாட்டை முழக்கம் ஏதுமின்றி ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு முறை கேளுங்கள். பிறகு ரிவெர்பைச் சேர்த்து, இது போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து சற்றுக் குறைத்து, அதனை முற்றிலும் நிறுத்தியும் திரும்பச் சேர்த்தும் ஒப்பிடுங்கள். சொல் எங்கே மங்குகிறது என்று கவனியுங்கள். முன் தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஒலிபெருக்கி இல்லாத கச்சேரி நடக்கும் இடத்துக்குச் சென்று, நல்ல மண்டபத்தில் குரல் எப்படி மறைகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். இவற்றைச் செய்தபின் எந்தப் பெயருள்ள கருவியைக் கையாண்டாலும் எனக்குச் சம்மதமே.